பாதி மாத்திரை

பாச்சலூருக்குக் காப்பிக்கொட்டை வாங்கப் போன வியாபாரி பிச்சை முகம்மது மலைக்காய்ச்சலோடு வீடு திரும்பினார். கொய்னா மாத்திரையில் காய்ச்சல் தணிந்தது. ஆனால் காதுக்குள் ஓயாத இரைச்சல். பிறகு மனைவி சுலைகாவின் உதடு அசைவது மட்டுமே தெரிந்தது, குரல் கேட்கவில்லை.

"செவிடாயிட்டேன். இனிமே அந்த மாத்திரை வேணாம்" என்று பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டார்.

சுலைகா பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"நிறுத்தினா காய்ச்சல் திரும்பி ஆளையே கொன்னுரும். பாதியாக் குறைச்சு, சாப்பிட்ட பெறகு குடுங்க. காது மெல்லச் சரியாயிரும்" என்றார் டாக்டரம்மா.

காது கேட்காதவரிடம் இதை எப்படிச் சொல்வது? அவர் கண்முன்னே மாத்திரையை உடைத்து, பாதியை முந்தானையில் முடிந்துகொண்டாள். மீதியை அவர் வாயருகே நீட்டினாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

சில நாள் கழித்து, காது இன்னும் சரியாகலையே என்று அடுப்படியில் அவள் விசும்புவது அவருக்குக் கேட்டது.

"ஏன் அழுகுறே?" என்றார்.