முதல் கட்டில்

காலை ஐந்து மணிக்கே ஆனந்திக்குக் கண் எரியத் தொடங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் அப்போது அலுவலக நேரம். அதற்காகப் பன்னிரண்டு பேர் சின்னாளப்பட்டியிலும் சித்தையன்கோட்டையிலும் விடியுமுன் எழுந்து, வேனில் தூங்கி வழிந்து, திண்டுக்கல் டயர்க்கடை மாடிக்கு வந்தாக வேண்டும். கீழேயிருந்து ரப்பர் வாடை குடலைப் பிரட்டும்.

திரையின் இடப்பக்கம் அந்த நாட்டு மருத்துவமனை ஒன்றின் நாற்பது வருடப் பழைய கோபோல் நிரல்; வலப்பக்கம் அதையே மாற்றிய ஜாவா. ஒன்றுக்கொன்று ஒட்டாத கணினி மொழிகள். பழையது வரிசையை ஒன்றிலிருந்து எண்ணும், புதியது சைபரிலிருந்து. அசந்தால் வரிசையின் முதல் ஆள் விடுபட்டுப் போவார். அதனால்தான் ஜோடியாக உட்கார்ந்து, ஒருவர் பழையதை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் புதியதில் விரல் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். ஆனந்திக்கு ஜோடி வீரலட்சுமி.

போன மாதம் முதலாளி பரணி அதற்கு வேட்டு வைத்தான்.

"மெஷினே மாத்திக் குடுத்துருது. பெறகு எதுக்கு ரெண்டு ரெண்டு பேரா பஜனை பாடுறீங்க? ஆளுக்கொரு ஃபைலா தள்ளுங்க."

முப்பது ஃபைல் பார்த்த நேரத்தில் அறுபது பார்க்கச் சொன்னான். மனசாட்சியையும் மெஷினுக்கே கொடுத்துவிட்டான் போலிருக்கிறது.

இன்று குட்டு உடைந்தது. மருந்துப் பட்டியலில் முதல் கட்டில் விடுபட்டு, அங்கே ஒரு கிழவிக்கு இரண்டு நாள் மருந்தே போகவில்லை. பரணி ஆனந்தியின் முன்னால் ஒரு தாளை நீட்டினான். தவறு முழுக்கத் தன்னுடையது என்று அவள் எழுதிக் கொடுப்பதாக இருந்தது அது. கையெழுத்துப் போட்டால் இந்தத் தொழிலில் இனி எவனும் அவளைச் சேர்க்கமாட்டான்.

"தப்பு விழும்னு அன்னைக்கே மெயில் போட்டேன் சார்."

"ஃபைல் தலையில யாரு பேரு இருக்கு? சரிபார்த்தவர் ஆனந்தி. நானா பாத்தேன்?"

"எங்களப் பாக்க விட்டீங்களா?"

அவள் திரையில் அந்தக் கிழவியின் கட்டிலைத் தேடினாள்; பட்டியல் இரண்டாம் கட்டிலில்தான் தொடங்கியது.

வீரலட்சுமி தன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து ஆனந்தியின் பக்கத்தில் போட்டாள். "நான் பாத்த ஃபைலும் இதே லட்சணந்தான் சார். எதுல யாரு விடுபட்டுருக்காகளோ, எனக்கே தெரியாது. எனக்கும் ஒரு தாள் தாங்க."

"எனக்கும்" என்று எழுந்தான் கடைசி மேசை இனிகோ. அடுத்தடுத்து நாற்காலிகள் நகர்ந்தன.

"அம்புட்டுப் பேரையும் தூக்கிருவேன்! நாளைக்கே வேற ஆளு வரும்!" என்று மிரட்டினான் பரணி.

"வரட்டும். அவுகளுக்கும் ரெண்டு கண்ணுதான்" என்றாள் ஆனந்தி. தாளை மடித்து அவன் கையிலேயே திணித்தாள்.

இந்த ஒரு மாதமாக அனுப்பிய ஃபைல் எதையும் நம்ப வேண்டாம், அத்தனையையும் மறுபடி ஜோடியாகப் படித்த பிறகே அனுப்புவோம் என்று இனிகோ மருத்துவமனைக்கு மெயில் எழுதினான். அடியில் பன்னிரண்டு பேரும் பெயர் போட்டார்கள். பரணி போனை எடுத்துக்கொண்டு, கத்தியபடியே படியிறங்கினான். நாளைக்கு வேன் வருமா என்று யாருக்கும் தெரியாது.

ஆறு ஜோடிகள் உட்கார்ந்தன. ஒரு மாதமாக ஊமையாய்க் கிடந்த மாடியில் ஆறு குரல்கள் ஒன்றாய் எழுந்தன.

"கட்டில் ஒண்ணு" என்று உரக்கப் படித்தாள் வீரலட்சுமி.

ஆனந்தி விடுபட்ட வரியைத் திருத்தி, அதன்மேல் விரலை வைத்தாள்.

"இருக்கு. அடுத்தது படி."