கூகை கொண்டுவந்த ஏனோக்

1896ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், ஊரிகம் ஸ்டேஷனுக்குத் தெற்கே, தங்கச் சுரங்கக் கூலிகள் மூங்கில் தட்டி வீடுகளில் வரிசையாகக் குடியிருந்த தட்டி லைனில், ஜூடித்தின் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருந்த கூகை அவள் புருஷன் ஏனோக்கின் இடது சுண்டுவிரலைக் கக்கியது. கூகை எலியை முழுசாக விழுங்கும், பிறகு மயிரையும் எலும்பையும் உருண்டையாக வெளியே தள்ளும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த உருண்டையில் இருந்தது சுத்தியல் பட்டு ஒடிந்து, கோணலாகக் கூடிய விரலெலும்பு. அந்த விரலுக்கு மூன்று வாரம் கட்டுப் போட்டவள் ஜூடித்.

ஏனோக் ஆடி மாதம், சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் இறங்கியவன் மேலே வரவில்லை. பூமிக்கடியில் அவன் நின்ற லெவலில் பாறை சரிந்தது. தோண்டுவதைவிட அடைப்பது சுலபம் என்று கம்பெனி அங்கே சுவர் எழுப்பிவிட்டது. ஷிப்ட் ரைட்டர் சுந்தரராஜ், ஏனோக் அன்றைக்கு வேலைக்கே வராமல் ஓடிப்போனான் என்று புத்தகத்தில் எழுதினார். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்கு லைன் வீடு கிடையாது, கிறிஸ்துமஸுக்குள் காலி செய்ய வேண்டும். கம்பெனி கடிதம் இல்லாமல் கோயிலில் சாவுமணி அடிக்கப் பாதிரியும் மறுத்தார். 'செத்தான்' என்ற ஒரு சொல்தான் ஜூடித்துக்கு வேண்டியிருந்தது.

விரலை எடுத்துக்கொண்டு ரைட்டரிடம் போனாள்.

"வெரலு இல்லாம எத்தினி பேரு வேலை செய்றான். முழு ஆளைக் கொண்டா, எழுதறேன்," என்றார் அவர்.

கூகை, கம்பெனி கைவிட்ட சாஃப்டின், அந்தப் பழைய சுரங்கக் கிணற்றின், சந்து வழியாகத் தினமும் இறங்கிப் போய் வந்தது. புரட்டாசியில் கால்விரல்களும் முதுகெலும்பும் வந்தன. தொடையெலும்பு வந்த அன்று அது கழுத்தை நீட்டி நீட்டி வெயில் ஏறும்வரை அவதிப்பட்டது. மண்டையோடு வர இரண்டு நாள் ஆயிற்று. ஜூடித் எல்லாவற்றையும் கழுவிப் பாயில் அடுக்கி, வெடித்திரி நூலால் கட்டிவைத்தாள். கம்பெனி ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் வந்து பார்த்து, எது இன்னும் பாக்கி என்று சொல்லிவிட்டுப் போவார்.

லைனில் யாரும் அதைக் கூகை என்று சொல்லவில்லை, சாவைக் கூப்பிடும் சாக்குருவி என்றார்கள். அடுத்த வீட்டுத் தங்கம்மாவின் புருஷனும் சுரங்கத்தில்தான் வேலை செய்தான்.

"இன்னாடி ஜூடித்து, உன் ஆளு எலும்புக்கு எங்க தாலிய அறுக்கப் பாக்கிறியா?"

"தாடை மட்டுந்தாங்க்கா பாக்கி. ரெண்டு நாளு பொறுங்க."

"ரெண்டு நாளுக்கு ரெண்டு பொணமா? நல்லாக் கீதே உன் கணக்கு!"

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், கூகைக்குக் கண் கூசும் நேரம் பார்த்து, பெண்கள் அதைக் கூரையிலிருந்து இழுத்தார்கள். தங்கம்மா ஒரு சிறகைப் பிடித்தாள், வேறொருத்தி மற்றதைப் பிடித்தாள். அதை உயிரோடு ஜூடித்தின் கதவில் வைத்து ஆணி அடித்தார்கள். அது சாகச் சாயங்காலம் ஆயிற்று. செத்த பிறகு ஜூடித்தே அரிவாள்மனையை எடுத்து வந்து அதன் வயிற்றைக் கிழித்துத் தேடினாள். இரண்டு சுண்டெலிகள்தான் இருந்தன.

மறுநாள் தாடையில்லாத புருஷனைக் கூடையில் சுமந்துகொண்டு ஆபீசுக்குப் போனாள். சுந்தரராஜ் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் நேர்மையான மனிதர். புத்தகத்தைப் பிரித்து, ஏனோக்கிடம், "எந்த லெவல்ல செத்தே? நீயே சொல்லு," என்றார். ஏனோக்கால் வாய் திறக்க முடியவில்லை. "ஏனோக்!" என்று பெயரைக் கூப்பிட்டார். பழக்கத்தில் ஏனோக் கையைத் தூக்கினான்.

"தோ, ஆளு வந்துட்டான். ஓடிப்போனவன் திரும்பிட்டான்னு எழுதிக்கிறேன். வூடு உனக்கேம்மா, போ."

"ஐயா, செத்தவருய்யா அவரு!"

"செத்தவன் கை தூக்குவானா?"

ஏனோக் எழுந்து வரிசையில் நின்று, கேஜில் ஏறி இறங்கினான். முதல் வாரம் கூட வேலை செய்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள், பிறகு பழகிவிட்டது. விஷக்காற்று இருக்கும் இடத்துக்கு முதலில் அவனைத்தான் அனுப்பினார்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவனின் விலா எலும்புகளுக்கிடையே படிந்த தூசியை ஜூடித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். புருஷன் உயிரோடு இருக்கிறவள் என்பதால் வேறு கல்யாணத்துக்குச் சபை சம்மதிக்கவில்லை. வெள்ளைச் சேலை கட்டவும் விடவில்லை.

1905ஆம் ஆண்டு பிளேக்கில் ஜூடித் இறந்தாள். அன்றைக்கே 'செத்தாள்' என்று எழுதிக்கொண்டார்கள், மணியும் அடித்தார்கள். அடக்கத்துக்குப் போக ஏனோக்குக்கு லீவு கிடைக்கவில்லை.