வலது மேல்

மதியம் இரண்டு பத்துக்கு ஆடையை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போக வேண்டும். எங்கள் ஜப்பானிய முகமூடி நாடகத்தில் நோயாளிச் சீமாட்டியாக நடிக்க ஆள் கிடையாது. மேடை விளிம்பில் கிடத்தும் பட்டாடைதான் அவள்.

"உன் பொண்டாட்டி சரிபண்ணின துணியாச்சே. வேற எடுத்துக்கலாமா?" என்றான் குராத்தா. என்னைப் போல அவனும் மேடை உதவியாளன்.

"வேற எடுத்தது தெரிஞ்சா சண்டைக்கு வருவா."

"வரட்டுமே. எழுந்து வந்தாச் சரி."

அறுந்த பொன்னிழைகளை என் மனைவி சுமியே குளிர்காலம் முழுக்கக் கோத்திருந்தாள். இப்போது பதினோரு நாளாகக் காய்ச்சல், நினைவில்லை. சாயங்காலத்துக்குள் விடாவிட்டால் உறவினர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று காலையில் மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஆடையைக் கிடத்திவிட்டு, மேடையின் பின்சுவரோரம் குராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடிகர் நருசே, சீமாட்டியை நோயில் தள்ளிய பொறாமைக்காரியின் ஆவியாக வந்தார். முகமூடியின் கண்ணோரங்களில் பொன் மின்னியது.

குராத்தா உதடு அசையாமல் சொன்னான்: "வலது மேல இருக்கு."

பார்த்தேன். வலது கழுத்துப்பட்டி இடதின் மேல் கிடந்தது. சவப்பெட்டியில் வைப்பவர்களுக்குத்தான் அப்படி உடுத்துவோம். என் கைதான் மடித்திருந்தது.

மேடையில் எது பிசகினாலும் உதவியாளன் போய்ச் சரிசெய்யலாம். ஆனால் நருசே விசிறியை ஓங்கியபடி ஆடையை நெருங்கிக்கொண்டிருந்தார். அடி விழுமுன் மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

குனிந்தபடி போனேன். இடக்கையைத் தரையில் ஊன்றி, வலக்கையால் பட்டியைப் பிடித்தேன். பட்டு வெதுவெதுப்பாக இருந்தது. பலகை போல விறைத்த நெசவு அது; புரட்ட இரண்டு கை வேண்டும். அன்று லேசாகப் புரண்டது, எதிர்முனையை யாரோ தூக்கிக் கொடுத்தது போல. இடது மேலே வந்தது. விசிறி என் காதை உரசிக்கொண்டு இறங்கியது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். குராத்தா என் பக்கம் பார்க்கவில்லை.

நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறைக்குத் தொலைபேசி வந்தது. சுமியேதான்.

"காய்ச்சல் விட்டிருச்சுங்க."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கழுத்துகிட்ட துணியச் சரிபண்ணினீங்கல்ல? உங்க கைன்னு தெரிஞ்சுது."

"ம்."

"துணிய அந்தப் பக்கம் பிடிச்சிருக்கிறது யாருங்க? இன்னும் விடலையே."