இடப்பக்கக் கதவு

வாடகைக் காரை எடுத்த நாளிலிருந்து எங்களுக்குள் ஓயாத சண்டை, கதவைப் பற்றித்தான். எங்கள் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம். இந்த நாட்டில் இடப்பக்கம். எங்கே நிறுத்திவிட்டுத் திரும்பினாலும் என் மனைவி நேராகப் போய் இடப்பக்கக் கதவைத் திறப்பாள், நான் வலப்பக்கக் கதவை. பிறகு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு, காரைச் சுற்றி நடந்து இடம் மாறுவோம்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவரின் இருக்கை இடப்பக்கம். காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக். இருபத்திரண்டு வருஷம் அவள் உட்கார்ந்த இடம் அது. நானும் அவளிடம்தான் ஓட்டப் படித்தேன். "முதல்ல சீட்டு, அப்புறம் கண்ணாடி, கடைசியாத்தான் சாவி" என்று தினமும் பல்லவி பாடுவாள். மூன்று முறை தேர்வில் தோற்றேன். நாலாவது முறை தேறியதும் கல்யாணம் பேசினேன். இன்றைக்கும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு வளைவில், ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பெண் பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். டீச்சரின் கால் பிரேக்குக்குப் போவதற்குள் சைக்கிளில் வந்த பால்காரர் கீழே விழுந்து கால் முறிந்துவிட்டது. அவர் தேறி மறுபடி சைக்கிள் மிதிக்கிறார். அந்தப் பெண் வகுப்பை விட்டு நின்றவள் திரும்பவில்லை. டீச்சரும்தான். சூடு கண்ட பூனை. ஸ்கூல் முதலாளி நல்ல மனிதர், இத்தனை நாள் பொறுத்தார். கடைசியில், "அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க டீச்சர். இல்லன்னா வேற ஆள் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான் இந்தப் பயணமே. புது இடம், மலை, ஏரி, தெரிந்த முகம் ஒன்று இல்லை. இங்கே அவள் ஒரு தடவை ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். கார் எடுத்த இடத்தில் இரண்டாவது ஓட்டுநராக அவள் பெயரையும் எழுதி வைத்தேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள், படிக்கவே இல்லை. மற்ற நாளாக இருந்தால் நாலு பக்கத்தையும் படித்து நாற்பது கேள்வி கேட்டிருப்பாள்.

நாலு நாள் ஓடிவிட்டது. நான் ஓட்டினேன். இண்டிகேட்டரும் இங்கே பக்கம் மாறியிருந்ததால், அதைப் போடப் போய் வைப்பரைப் போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கால்மிதியைக் கசக்கினாள். கண்ணாடி மாதிரி ஏரி ஒன்று வந்தது. ஆறு நிமிஷம்கூட எனக்கு அங்கே நிற்கப் பொறுக்கவில்லை.

"எங்க ஓடறீங்க? இப்பத்தானே இறங்கினோம்" என்றாள்.

"அடுத்தது இதவிட நல்லா இருக்கும்."

"காலையிலயும் இதத்தான் சொன்னீங்க."

காலில் வெந்நீர் கொட்டியவனைப் போல ஊர் ஊராக ஓடினேன். நின்றால் அவளிடம் கேட்க வேண்டியிருக்கும். முடியாது என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை, கெடுவுக்கு இன்னும் இரண்டே நாள். மலைப்பாதையின் உச்சி. நிறுத்த இடம் இல்லாமல் காரைப் பாதி ரோட்டிலேயே விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போனேன். அவளும் திட்டிக்கொண்டே கூட வந்தாள். திடீரென்று ஆலங்கட்டி மழை. நெல்லிக்காய் அளவு கட்டிகள் தலையில் விழ, ஓடி வந்து ஏறிக் கதவை அடித்துச் சாத்தினோம். அவள் இடப்பக்கம். நான் வலப்பக்கம்.

பின்னால் ஒரு பெரிய பஸ் வந்து நின்றது. ஹாரன். அதற்குப் பின்னால் இன்னும் நாலு ஹாரன்.

"இறங்கி மாறுங்க" என்றாள்.

"மண்டை உடையும் டீச்சர்."

"அப்ப உள்ளேயே தாண்டி வாங்க."

என் வயிற்றைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அது கியரைத் தாண்டாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

"என்னால முடியாதுங்க."

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தெரிந்த ஒரே பாடத்தைச் சொன்னேன். "முதல்ல சீட்டு."

என்னை எரிப்பதுபோல் பார்த்தாள். பிறகு கீழே தடவி சீட்டை முன்னால் இழுத்தாள். உள் கண்ணாடியைத் திருப்பினாள், பக்கக் கண்ணாடிகளைச் சரி செய்தாள். பஸ்காரன் ஹாரனை நிறுத்தவில்லை. அவள் அவசரப்படவும் இல்லை. கடைசியாகக் கையை நீட்டினாள். சாவியை வைத்தேன்.

கார் நகர்ந்தது. இறக்கம், வளைவு, மறுபடி வளைவு. என் வலப்பக்கம் பள்ளத்தாக்கு. என்னையறியாமல் கால் தரையை அழுத்தியது.

"கால எடுங்க. அங்க பிரேக் இல்ல."

"தெரியும். பயமா இருக்கு."

இன்னும் இரண்டு வளைவு போனது. பிறகு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அன்னைக்கு எனக்கு பிரேக் இருந்துச்சுங்க. அழுத்தவும் அழுத்தினேன். அரை நொடி லேட்டு."

இந்த ஏழு மாதத்தில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மழை விட்டது. ரோட்டோரம் அகலமான இடம் ஒன்று வந்தது. நிறுத்தி இடம் மாற வசதியான இடம். நான் சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன். அவள் பஸ்ஸுக்கு வழி விட்டு ஒதுங்கினாள். பஸ் போனதும் இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடி பார்த்து, தானே மறுபடி ரோட்டில் ஏறினாள். வைப்பர் அசையவில்லை.

"திங்கக்கிழமைக்குக் காத்திருக்க வேணாம். முதலாளிக்கு இன்னைக்கே போன் போடுங்க" என்றாள்.

"வர்றேன்னு சொல்லிடவா?"

"சொல்லுங்க. அந்தப் பொண்ணு நம்பர் அவர்கிட்ட இருக்கும், அதையும் வாங்குங்க. என் முதல் வகுப்பு அவளுக்குத்தான்."