மிஞ்சின ஊசி

எனக்கு முன்னால் என் தம்பிக்குத் தடுப்பூசி போட்டுவிட்டார்கள் என்று கேட்டதும் வயிறு பற்றி எரிந்தது. மறைப்பானேன்? அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஊசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணினால் ஆஸ்பத்திரியில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் துரை முன்களப் பணியாளராம்! வீட்டிலேயே கிடந்து மூட்டை மூட்டையாக மாஸ்க் தைத்த நான் வரிசையில் கடைசி.

வெறும் ஊசிக்காக நான் பொருமவில்லை. அப்பா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கை கால் விழுந்த பிறகு ஆறு வருடம் என் வீட்டில்தான் இருந்தார். குளிப்பாட்டியது நான், ஊட்டியது நான். என் இடுப்பு போனபிறகுதான் அங்கே சேர்த்தோம். கொரோனா வந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். இப்போது புது விதி. ஒருவரைப் பார்க்க இரண்டே பேர், அவர்களும் ஒரு ஊசியாவது போட்டிருக்க வேண்டும். பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. அப்புறம் மூன்று மாதத்துக்கு மாற்ற மாட்டார்கள். அப்பாவுக்கு மூன்று மாதம் தாங்குமா என்று டாக்டரே கையை விரித்துவிட்டார்.

தம்பி முதல் ஆளாகப் போய்வந்தான். ஆறு வருடத்தில் ஒரு நாள் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டிருப்பானா? கையைப் பிடித்துக்கொண்டு போட்டோ வேறு அனுப்பினான். அப்பா அவனைப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அக்கா, அப்பா உன்னையேதான் கேட்டுட்டு இருந்தாரு," என்றான் போனில்.

"அதான் செல்லப்பிள்ளை நீ இருக்கியே, நான் எதுக்குடா?" என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரைக்குப் போன் அடித்தது. அவன்தான். அன்று அவன் அப்பாவைப் பார்க்கிற நாள். பக்கத்தில் உட்கார்ந்து பீற்றிக்கொள்ளக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். அடிச்சுக் கிட என்று தையல் மெஷினை மிதித்தேன். ஆறு தடவை அடித்தது. சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆறு தடவையும் எனக்கு ஒரு சுகம்.

ஏழு மணிக்குத் தம்பி பெண்டாட்டி வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஏன் அண்ணி போனை எடுக்கல? இன்னிக்கு அவரு மாமாவைப் பாக்கக்கூடப் போகாம ஃபிரிட்ஜ் ரிப்பேருன்னு ஆஸ்பத்திரில நின்னாரு. திறந்த புட்டில ஒரு ஊசி மிஞ்சிடுச்சாம். அஞ்சு மணிக்குள்ள ஆள் வந்தா போடறோம், இல்லன்னா கொட்டிடுவோம்னு நர்ஸ் சொன்னாங்களாம். அக்காவுக்கு வேணும்னு கெஞ்சி எடுத்து வைக்கச் சொன்னாரு. நீங்க எடுக்கவேயில்ல. கடைசில என்னைக் கூப்பிட்டாரு."

"ரெண்டாவது பேரு?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இடம் வீணாப் போயிடக் கூடாதுன்னு என் பேரைக் கொடுத்துட்டாரு."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். யாரைத் திட்ட?

"நாளைக்கு நான் போறேன். நீங்க ஏன் வரலன்னு மாமா கேப்பாரு. என்ன சொல்லட்டும் அண்ணி?"

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன வேணா சொல்லு. வேணும்னேதான் எடுக்கலன்னு மட்டும் சொல்லிடாதே."