மேலே தூக்கிப் பிடித்தவள்

மயிலிட்டித் துறைக்குப் போகும் ஒழுங்கையில் நடராசாவின் பட்டறை இருந்தது. படகுகளுக்கு வேண்டிய இரும்பு வேலைகளை அவன் செய்து கொடுப்பான். புருசன் கனகரத்தினம் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனபின், நடராசாவின் தங்கை பத்மாசினி, பட்டறையோடிருந்த அண்ணன் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். படகு மட்டும் கவிழ்ந்தபடி கரையொதுங்கியது. தேடினவர்கள் கைவிட்டபின், உடலுக்குப் பதிலாகத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்தார்கள். ஊர்ப் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோதும் அவள் அழவில்லை. யாரோ ஒருத்தரின் செத்தவீட்டுக்கு வந்தவள்போல இருந்தாள்.

அதற்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். சாப்பாடு வைத்தால் கோப்பை அப்படியே கிடக்கும்.

பட்டறையில் ஒரு பழைய துளை மெசின் நின்றது. கைப்பிடியை இறக்கினால் அலகு இறங்கி இரும்பைத் துளைக்கும்; விட்டால் தானாக மேலே ஏறவேண்டும். உள்ளேயிருந்த ஸ்பிறிங் முறிந்துபோனதால், விட்ட கையோடு அது கீழே சரிந்து விழுந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் வராத காலம். யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் அந்த ஸ்பிறிங் அகப்படவில்லை. எதிர்ப்பாரமாகக் கல்லொன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தான் நடராசா. மெசின் அதிர்ந்த அதிர்வில் கல் கழன்று அவன் காலில் விழப்பார்த்தது.

அன்றைக்குத் தண்ணீர் குடிக்க வெளியே வந்த பத்மாசினி, அண்ணன் ஒரு கையால் இரும்பையும் மறு கையால் கைப்பிடியையும் பிடித்து மாரடிப்பதைக் கண்டாள். பட்டறைக்குள் போய்க் கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் இரும்பை நகர்த்தி வைத்தான்.

அப்படியே பழகிவிட்டது. அவன் துளைப்பான், அவள் தூக்கிப் பிடிப்பாள். பொம்பிளைக்கு இரும்புப் பட்டறையில் என்ன வேலை என்று அயலில் கதைத்தார்கள். நடராசாவின் மனைவி மீனாம்பிகை ஒருநாள் அவர்களுக்குப் பதில் சொன்னாள்.

"அவள் இப்ப சாப்பிடுறாள். எனக்கு அது காணும், வேறென்ன வேணும்?"

சுக்கானுக்குத் தகடு செய்விக்க யாகோப்பு வந்தான். கனகரத்தினத்தைத் தேடிப் போனவர்களில் அவனும் ஒருவன். அவளைக் கண்டதும் தடுமாறி, எவ்வளவு தூரம் போய்த் தேடினார்கள், எந்த இடத்தில் திரும்பினார்கள் என்றெல்லாம் சொன்னான். அவள் கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டாள். காது கேட்டது, அதற்கப்பால் எதுவும் போகவில்லை. அவன் போனபின் அடுத்த தகட்டை எடுத்து வைத்தாள்.

பிறகு அரசாங்கம் மாறியது. கொழும்புக் கடைகளுக்குச் சாமான்கள் வரத் தொடங்கின. நடராசா ஆள் அனுப்பி ஸ்பிறிங் எடுப்பித்து, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பூட்டினான். வந்ததும் இயக்கிக் காட்டினான். கைப்பிடி தானாக மேலே ஏறியது.

"இனி உனக்குக் கரைச்சல் இல்லைப் பிள்ளை" என்றான், சந்தோசமாக.

"ஓம் அண்ணை" என்றாள் அவள்.

மறுநாள் அவள் பட்டறைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மீனாம்பிகை அவனிடம் வந்து நின்றாள்.

"உவள் திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். என்ன செய்தனீங்கள்?"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு போய், பாயருகில் குந்தினான்.

"தகடுகள் குவிஞ்சுபோய்க் கிடக்கு. நான் லேத் மெசினிலை நிக்கவேணும். நீயே வந்து துளையன்."

அவள் திரும்பவில்லை. "அலகை முறிச்சுப்போட்டால்?"

"முறிஞ்சால் வேறை போடுவம்."

அவள் எழும்பி வந்தாள். முதல் தகட்டிலேயே அலகை முறித்தாள். அவன் வேறொன்றைப் பூட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினான். பின்னேரமாகும்போது அவள் பக்கத்தில் துளைத்த தகடுகள் அடுக்காகக் கிடந்தன. சில துளைகள் கோணல். அவற்றை அவன் ஒதுக்கி வைத்தான்.

கிணற்றடியில் கை கழுவும்போது பத்மாசினி சட்டென்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சாள், இந்த இடம் நோகுது."

மீனாம்பிகை தொட்டுப் பார்த்தாள். தசை இறுகிக் கல்லாகியிருந்தது. ஒருநாள் வேலையில் வந்த இறுக்கமல்ல அது.

"எப்ப தொடக்கம்?"

"கனநாளாய் இருந்திருக்கும் போலை. எனக்கு இண்டைக்குத்தான் தெரியுது."

மீனாம்பிகை அவளைக் கிணற்றுக்கட்டில் இருத்திவிட்டு, எண்ணெய் எடுத்துவர உள்ளே போனாள்.