ஆலடித்தெருவில் மாடிகள் காணாமல் போனது

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் வீட்டுவரிச் சலுகை வந்த வருஷம், ஆலடித்தெரு தேவகுமார் வீட்டின் மாடி விடியும்போது காணாமல் போயிருந்தது. இடிந்து விழவில்லை, தூசிகூடப் பறக்கவில்லை. மாடிப்படி மட்டும் வானத்தைப் பார்த்து மொட்டையாக நின்றது. மாடியோடு அவருடைய ஒரே மகள் ஸ்மைலினும் போய்விட்டாள்.

குற்றம் தேவகுமார் மேல்தான். மஸ்கட்டில் சம்பாதித்து, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் வாங்கி, நாகர்கோவிலில் டைல்ஸ் கடை நடத்துகிற மனுஷன் அவர். மாடியில்லாத வீட்டுக்குத்தான் சலுகை என்று தெரிந்ததும், பேரூராட்சி பில் கலெக்டர் எட்சனை வாசலிலேயே மடக்கி, இஞ்சி போட்ட சாயா கொடுத்தார். மேலே என்ன என்று எட்சன் ஒப்புக்குக் கேட்டார். "அது மழைக்குப் போட்ட ஷெட்டாக்கும். மேல ஒருத்தரும் இல்ல" என்றார் தேவகுமார். மேலே ஜன்னலோரம் தலை துவட்டிக்கொண்டிருந்த ஸ்மைலின் காதில் அது விழுந்தது. எட்சனும் அவளை நிமிர்ந்து பார்த்தார், பிறகு சாயாவைக் குடித்தார். மறுநாள், சொன்னது சொன்னபடியே ஆகிவிட்டது.

தெருவே அப்படித்தான் சொல்லியிருந்தது, ஆகவே தெருவே மொட்டையானது. மற்ற மாடிகளோடு போனவை வாஷிங் மெஷினும் துபாய்ப் பெட்டிகளும்தான். இங்கே போனது பெற்ற பிள்ளை. தேவகுமாரின் மனைவி பூங்கனி நெஞ்சிலடித்து அழுதுகொண்டிருந்தபோது போன் வந்தது. "அம்மா, நான் வீட்டுலதான் இருக்கேன். கீழதான் ஒருத்தரையும் காணல" என்றாள் ஸ்மைலின். அன்றிலிருந்து பூங்கனி கடைசிப் படியில் தூக்குச்சட்டியில் சோறு வைப்பாள். மறையும். சாயங்காலம் கழுவித் துடைத்து அதே படிக்குத் திரும்பும். உண்மையைச் சொல்லி முழு வரியையும் கட்டினால் பிள்ளை வந்துவிடுவாள் என்று பூங்கனி கெஞ்சிப் பார்த்தாள். "முதல்ல தெருவுல வேற ஒருத்தன் கட்டட்டு, பொறவு பாப்போம்" என்றார் தேவகுமார். எல்லா வீட்டிலும் இதே பதில்தான். இரண்டு கிறிஸ்துமஸ் போனது. மகளை நினைத்தால் தேவகுமாருக்குச் சோறு இறங்காது, ஆனாலும் கை பர்ஸுக்குப் போகாது. என்ன ஜென்மமோ!

பிறகு சர்ச்சில் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கிற அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டது சபைக் கமிட்டி மெம்பரான அதே எட்சன். சந்தையில் ஐந்நூறு ரூபாய் பெறாத ஒரு மட்டி வாழைக்குலைக்கு எதிர்வீட்டு ஆன்ட்ரூஸ் ஆயிரம் கேட்டார். சபை முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா? பேரூராட்சியில் ஏழைகளான இருவரும் கோவிலில் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். தேவகுமார் இருபத்தையாயிரம் என்று கத்தினார். எட்சன் மூன்று தரம் சொல்லி முடித்தார், ஏழை என்ற தேவகுமாரின் பொய்யும் சபை முன்னால் அதோடு முடிந்தது. குலையைத் தோளில் வைத்துக்கொண்டு தேவகுமார் வீட்டுக்கு வந்தபோது, மாடி பழைய இடத்தில் இருந்தது, அதே திரைச்சீலையோடு.

மூச்சிரைக்க ஏறினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "மக்களே, அப்பா வந்திருக்கேன், கதவத் தெற."

"எந்த அப்பா? மேல ஒருத்தரும் இல்லன்னு சொன்ன அப்பாவா?"

அவர் குலையைப் படியில் தொப்பென்று இறக்கினார். அது என்ன சத்தம் என்று கேட்டாள். மட்டிக்குலை என்றார். என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்றாள். சொன்னார்.

"எனக்குக் கட்ட வேண்டிய வரி அதுல பத்துல ஒண்ணுகூட வராதேப்பா."

தேவகுமார் அந்தக் கடைசிப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மறுநாள் காலையிலேயே பேரூராட்சிக்குப் போய், விட்டுப்போன பாக்கியோடு முழு வரியையும் கட்டினார். எட்சன் தலை நிமிராமல் ரசீது போட்டார். கதவு திறந்தது. பழம் கனிந்து குழைந்து போயிருந்தது, ஸ்மைலின் அதையும் தின்றாள்.

தெருவில் மற்ற மாடிகள் இன்னும் வரவில்லை. சலுகையை இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருக்கிறார்களாம், அவசரமில்லை. வானத்துக்குப் போகிற படிகளில் துணி காயப்போடுகிறார்கள், தேவகுமாரைப் பைத்தியம் என்கிறார்கள். எட்சன் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஸ்மைலின் ஜன்னலில் நின்று, "சார், மேல ஆளிருக்கு" என்பாள். அவரும் நிமிர்ந்து பார்த்து, "ஆமா மக்களே, இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.